சீனாக் குழிக்கு நான் கொடுத்த உறை

எனக்கு எண்பத்தொன்று நடக்கிறது. பெற்று வளர்த்தது நான்கு பேரை. அவர்களோடு ஓர் இரும்பு டிரம்மையும் வளர்த்தேன் என்றால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் குடித்த பால் அந்த டிரம்மின் நெருப்பில் காய்ந்ததுதான்.

என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரைப் படிப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவது அவள் பாடு. சேதியை மாற்றக் கூடாது என்பது என் கண்டிப்பு.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டினார்கள். கிணறு பொது. என் சமையலறைச் சன்னலைத் திறந்தால் தம்பி வீட்டு வாசல். தம்பி பெண்டாட்டியை இதில் சின்னவள் என்றே சொல்கிறேன். என்னைவிட நிறம், என்னைவிட நகை, அவள் அப்பன் வீட்டில் என்னுடையதைவிட அதிக நிலம். வந்த நாளிலிருந்தே அவள் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி. அவளுக்கும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் ஒன்றிய ஆபீசிலிருந்து ஓர் இளவயது அதிகாரி சைக்கிளில் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். தொழுவத்தில் நின்ற மாடுகளைப் பார்த்துவிட்டு, சாணியிலிருந்து அடுப்புக்கு நெருப்பு எடுக்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, அப்படியே சாணியில இருந்து சோறும் வருமுங்களா?"

"சோறு நீங்க போடணும், நெருப்பு அது போடும்" என்றார் அதிகாரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "பெட்ரோல் வெச்சிருக்கற நாடெல்லாம் விலைய ஏத்திட்டாங்கம்மா. நம்ம நாடு யார்கிட்டயும் கையேந்தாம நிக்கணும்னா நம்ம தொழுவத்துலயே வழியிருக்கு. இது நம்ம நாட்டு ஆராய்ச்சிக்காரங்க செஞ்ச மாடல். குழிய இன்னொரு மாட்டோட வயிறுன்னு நினைச்சுக்கங்க. தினமும் தீனி போட்டா தினமும் காஸ் குடுக்கும்."

நாடு கையேந்துவது எனக்குத் தெரியாது. பருத்திமாரும் சோளத்தட்டு வேரும் எரித்து எரித்து என் கண் பழுத்துக் கிடந்தது தெரியும். வயிறு என்று அவர் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. மாட்டு வயிற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சங்ககிரி லாரி ஒன்றில் டிரம் வந்து இறங்கியது. கவிழ்த்து வைத்த பெரிய அண்டா போல இருந்தது. கிணறு மாதிரி வட்டமாகக் கட்டிய குழியில் சாணிக் கரைசலை நிறைத்து அதன்மேல் கவிழ்த்தார்கள். காஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எரிக்க எரிக்கக் கீழே இறங்கும். எவ்வளவு இருக்கிறது என்று வாசலிலிருந்தே தெரியும். முதல்நாள் அடுப்பில் நீலமாக நெருப்பு நின்றபோது நான் ஒறம்பரை சனத்தை, சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னவள் நிலைப்படியில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்காளுக்கு என்னுங்க, சாமியே வந்து அடுப்பு ஊதிக் குடுக்குது."

அவள் குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பு என் காதில் தேன். அன்றைக்கு ஆக்கிய அரிசியும் பருப்பும் கலந்த சோறு போல ருசியாக நான் பிறகு ஆக்கவே இல்லை.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அதே அதிகாரி மீசை வளர்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை, சின்னவள் வாசலில் நிறுத்தினார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்தது, பள்ளம் தோண்டினார்கள், செங்கல் இறங்கியது. டிரம் மட்டும் வரவில்லை. நான் பொறுக்க மாட்டாமல் போய்க் கேட்டேன்.

"டிரம்மு எங்கீங்க?"

"இதுக்கு டிரம் கெடையாதும்மா. சிமெண்ட்டுல கவுத்த சட்டி மாதிரி கட்டி மண்ணுக்குள்ள மூடிடுவோம். சீனா மாடல். இரும்பு வேண்டாம், வருசா வருசம் பெயிண்ட் வேண்டாம், செலவு பாதி."

"அப்ப என்ற டிரம்மு?"

"அதுவும் நல்லதுதாம்மா" என்றார். அந்த 'அதுவும்' என்னைச் சுட்டது. "ஆனா பாருங்க, சீனாவுல ஊருக்கு ஊர் இது இருக்கு. நாம அவங்களுக்கு முன்னாடியே இந்த வேலைய ஆரம்பிச்சோம். இன்னிக்கு அவங்க எங்கயோ போயிட்டாங்க, நாம நின்னு பார்த்துட்டு இருக்கோம்."

சொல்லும்போது அவர் தாடை இறுகியது. அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். சின்னவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு போகும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் இருப்பது ஏதோ பெரிய சமாச்சாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அதுவும் ஒரு பொதுக் கிணறும் பக்கத்துப் பக்கத்து வாசலும்தான்.

"சீனாக்காரன்கூட நம்ம சண்டை போட்டமல்லங்க? அவன் சட்டியில எதுக்குங்க நம்ம சோறாக்கோணும்?"

"அப்படியே எடுக்கலம்மா. நம்ம ஆளுங்க மாத்திக் கட்டியிருக்காங்க."

"அப்ப அது அவனுதா, நம்முளுதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "யார் நிறையக் கட்டறாங்களோ அவங்களுது" என்றார்.

குழி கட்டி முடிந்ததும் என்னிடமே வந்தார்கள். புதுக்குழி தானாகக் காஸ் பிடிக்க நாளாகுமாம். ஓடிக்கொண்டிருக்கிற குழியிலிருந்து கொஞ்சம் கரைசலை எடுத்து ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமாம். காய்ச்சின பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போல என்று அதிகாரி சொன்னார். சின்னவள் பின்னால் குடத்தோடு நின்றாள். அவர் குடத்தில் கேட்டார், நான் பீப்பாயில் கொடுத்தேன். "எடுத்துட்டுப் போ கண்ணு, என்ற ஊட்ல எதுக்குப் பஞ்சம்" என்று அவள் காதில் விழும்படி சொல்லிக் கொடுத்தேன். இதைப் பேத்தி அடிக்கோடிட்டு எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு என் சன்னலே எனக்கு எதிரியாகிவிட்டது. சின்னவளின் குழி மண்ணுக்குள் இருந்தது. மேலே வாசல் போலச் சமதரை. அவள் அதன்மேல் சாணி மெழுகி மிளகாய் காயப் போட்டாள், நிலக்கடலை காயப் போட்டாள். என் டிரம் நட்டநடுவில் ஓர் எருமை போல நின்றது. கோழி ஏறி எச்சம் போட்டது. துரு பிடித்தது. பெயிண்ட் அடிக்க ஆள் தேட வேண்டும். மார்கழி வந்தால் இன்னும் மோசம். பனியில் இரும்பு சில்லிட்டுப் போய் காஸ் குறைந்துவிடும். என் நெருப்பு சுருங்கிக் கிடக்கும்போது அவள் வீட்டில் வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். அவள் சமையலறைச் சுவர் வெள்ளையாக இருந்தது. என் சுவரும் வெள்ளைதான், ஆனால் அவள் சுவரைப் பார்த்த பிறகு என்னுடையது பழுப்பாகத் தெரிந்தது.

அப்படி ஒரு மார்கழியில் அதிகாரி வந்து இரண்டு வீட்டாரையும் கிணற்றடியில் நிற்க வைத்துச் சொன்னார். பொங்கல் கழிந்து டில்லியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். டிரம்மும் குழியும் அடுத்தடுத்து இருப்பது சுற்று வட்டாரத்தில் எங்கள் தோட்டத்தில் மட்டும்தான். இரண்டையும் பார்த்து அவர்கள் எது சரி என்று சொல்கிறார்களோ, அதைத்தான் இனி இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுப்பார்கள்.

 ஊரெல்லாம் என் வீட்டு மாடல் நிற்பதை அப்போதே மனக்கண்ணால் பார்த்துவிட்டேன். டில்லிக்காரர்கள் என் அடுப்பில் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். சின்னவள் சன்னல் வழியாகப் பார்க்கட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பட்டிப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலை அப்படித்தான் சொல்வோம். மாட்டைக் கழுவிக் கொம்புக்கு வண்ணம் பூசி, பட்டியில் பொங்கல் வைத்து, சாணியால் கரை பிடித்துச் சின்னத் தெப்பக்குளம் கட்டி, கன்றை அதில் மிதிக்க விடுவோம். பிறகு பொங்கலும் வாழைப்பழமும் வெல்லமும் பிசைந்து ஒவ்வொரு மாட்டுக்கும் ஊட்டுவோம். ஒரு மாட்டை விட்டாலும் குற்றம். குழி இன்னொரு மாட்டு வயிறு என்றால் அதை எப்படி விடுவது? சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் ஒரு கைப்பிடிப் பொங்கலை வாழையிலையில் கொண்டுபோய்ச் சாணி கரைத்து ஊற்றுகிற குழி வாயில் போட்டுக் கும்பிட்டதைப் பார்த்தேன்.

ஒரு கைப்பிடி! இத்தனை கொடுத்த குழிக்கு ஒரு கைப்பிடியா என்று நினைத்தேன். நான் டிரம்முக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஆவாரம்பூ மாலை போட்டேன். எங்கள் பொங்கல் பானையில் பாதியைக் குழிக்கு ஊட்டினேன். பக்கத்துத் தோட்டங்களில் மீந்த பொங்கலை எல்லாம் வாங்கி வந்தேன். அதோடு விடவில்லை. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கு அரைத்த சக்கை கிடைக்கும், திப்பி என்போம், மாட்டுக்கு வைத்தால் பால் கூடும். ஒரு வண்டித் திப்பி சொல்லிக் கொண்டுவந்து நாளும் கரைத்து ஊற்றினேன்.

"ஏம்புள்ள, மாட்டுக்கு வெக்கறதையெல்லாம் குழிக்குக் கொட்டற?" என்றார் வீட்டுக்காரர்.

"பாலு அதுவுந்தானுங்க குடுக்குது" என்றேன்.

டில்லிக்காரர்கள் வரும்போது டிரம் நிறைந்து நிற்க வேண்டும் என்று அத்தனை நாளும் காஸைத் திறக்கவே இல்லை. பின்கட்டில் பழைய விறகடுப்பில் சமைத்தேன். டிரம் எழும்பியது. நிறைமாதக்காரி வயிறு போல எழும்பியது. அது வந்த நாளிலிருந்து அவ்வளவு உயரம் நான் பார்த்ததில்லை. சின்னவள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, டிரம்மு இப்படி நிக்குது? என்னத்தக் குடுத்தீங்க?"

"மனசாரக் குடுத்தேன் அம்மணி" என்றேன்.

ஜீப் வந்தது. அதிகாரியோடு இரண்டு ஆண்கள், ஒரு பெண்பிள்ளை. அவள்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தலைவி என்றார்கள். கதர்ச்சேலை, கத்தரித்த தலைமுடி, காதில் ஒன்றுமில்லை. ஆண்கள் இரண்டு பேரும் அவள் பேசி முடிக்கிற வரை வாய் திறக்காமல் நின்றார்கள். அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. முதலில் என் வாசலுக்குத்தான் வந்தாள். டிரம்மை அண்ணாந்து பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அதிகாரி முகம் மலர்ந்து, "இவ்வளவு காஸ் எந்த டிரம்லயும் பார்க்கலைன்னு சொல்றாங்கம்மா" என்றார். நான் அடுத்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

காபிக்குத் தண்ணீர் வைத்தேன். குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று காஸ் வந்தது. தீக்குச்சி கிழித்துக் கிட்டே கொண்டுபோனேன், அணைந்தது. இன்னொன்று கிழித்தேன், அதுவும் அணைந்தது. ஊதி அணைத்தது போல அணைந்தது. வீட்டுக்காரர் பெட்டியைப் பிடுங்கிக் கிழித்தார். "காத்தடிக்குது, கதவச் சாத்து" என்றார். கதவைச் சாத்தினோம். அப்புறமும் அணைந்தது. கடைசியில் அதிகாரி கிழித்தார். காஸ் வந்துகொண்டேதான் இருந்தது, நெருப்புத்தான் பிடிக்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை குழாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு வெளியே போய்க் குழி வாயில் குச்சியை விட்டுக் கிளறி மோந்தாள். அதிகாரி என்னிடம் கேட்டார்:

"அம்மா, குழிக்கு என்ன போட்டீங்க?"

"பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்கு என்ன வெப்போமோ அதைத்தானுங்க வெச்சேன். திப்பியும் வெச்சேன்."

"எதுக்கும்மா?"

"வவுறுன்னு சொன்னது நீங்கதானுங்க."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். கூட வந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்பிள்ளை சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னதை அதிகாரி தமிழில் சொன்னார். மாவும் இனிப்பும் திடீரென்று அதிகமாகிக் குழி புளித்துவிட்டது. காஸ் வந்திருக்கிறது, ஆனால் எரிகிற காஸ் இல்லை, சோடா புட்டியில் பொங்குமே அந்த மாதிரி. டிரம் நிறைய அதுதான்.

இன்றைக்கும் சொல்கிறேன், அதில் என் தப்பு ஒன்றுமில்லை. வயிறு என்று சொல்லிவிட்டுப் போனால் எங்கள் பக்கத்துக்காரி வேறு என்ன செய்வாள்?

எல்லோரும் சின்னவள் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை, சன்னல் இருந்தது. ஒரே குச்சி. நீலமாகப் பூத்தது நெருப்பு. அவள் காபி போட்டாள். அந்தப் பெண்பிள்ளை மிளகாய் காய்கிற தரைமேல் நின்று காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சின்னவளின் தோளில் கை வைத்தாள். ஒருவர் போட்டோ எடுத்தார். கொதிக்காத தண்ணீர் என் அடுப்பின்மேல் அப்படியே இருந்தது.

இனி இந்தப் பக்கம் முழுக்கச் சீனாக் குழிதான் என்று உத்தரவாகிவிட்டதாக அதிகாரி பிறகு வந்து சொன்னார். என் அடுப்பு எரியாதது மட்டும் காரணமில்லை, இரும்பு மிச்சமாகிறது, அதனால்தான் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. பிறகு என் குழிக்கு வைத்தியம் சொன்னார். கொஞ்ச நாள் தீனி நிறுத்த வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் நல்லாயிருக்கிற குழியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

"நல்லாயிருக்கற குழி எங்கீங்க இருக்குது?" என்றேன்.

அவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

சுண்ணாம்பு ஊற்றினேன். தீனியை நிறுத்தினேன். மூன்றாவதை மட்டும் செய்யவில்லை. மறுபடி பருத்திமார், மறுபடி புகை. வீட்டுக்காரர் இருமிக்கொண்டே சொன்னார்: "போய்க் கேட்டாத்தான் என்ன? குறைஞ்சா போயிருவ?" குறைந்துதான் போவேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கண்ணெரிச்சலில் ஒருநாள் தாங்க மாட்டாமல் குடத்தை எடுத்துக்கொண்டு சின்னவள் வாசலில் போய் நின்றேன்.

"கண்ணு, குழிக்கு ஊத்த ஒரு குடம் வேணும்" என்றேன்.

அவள் குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உறைக்குங்களாக்கா?" என்றாள். உதட்டோரம் சிரிப்பு. "இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சுங்களே. வெள்ளிக்கெழமை உறை வெளிய குடுக்கக் கூடாதுன்னு அக்காதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

உண்மைதான். உறைமோரை வெள்ளிக்கிழமை கொடுப்பதில்லை, வீட்டு லட்சுமி போய்விடும் என்பது எங்கள் வழக்கம். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை மோர் கேட்டபோது நான்தான் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இத்தனை வருசம் அதை முடிந்து வைத்திருந்தாள். வெறுங்குடத்தோடு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலையில் போனேன். இந்தத் தடவை தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"குடு. நீ குடுக்கறது உன்னுது இல்ல. உன்ற குழிக்கு மொத உறை போனது என்ற டிரம்முல இருந்து. டில்லிக்காரி பார்த்த நெருப்பு என்ற நெருப்பு."

"ஆமாங்க" என்றாள் அவள், குடத்தை வாங்கி முக்கிக்கொண்டே. "தாயூட்ல சீக்குல படுத்தது எங்கூட்ல நல்லா வளந்திருக்குதுங்க. பாத்துத் தூக்கிட்டுப் போங்க, சிந்தீரப் போவுது."

நாளாக ஆக என் அடுப்பு எரிந்தது. நீல நெருப்புத்தான். ஆனால் பற்ற வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. சில மழைக்காலம் கழித்து டிரம் ஓட்டை விழுந்து பழைய இரும்புக்குப் போயிற்று. நானும் சீனாக் குழிதான் கட்டிக்கொண்டேன், வேறு வழியில்லை. சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு குழி கட்டும்போதும் கரைசலுக்குச் சின்னவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். சின்னவள் வீட்டு உறை ராசியான உறை என்று பேச்சாகிவிட்டது. அவளும் குடம் குடமாகக் கொடுத்தாள். ஒருத்தரிடமாவது இது அக்கா வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னாளா? இல்லை.

அது சீனாவுடையதா, நம் நாட்டுடையதா, யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்பதைப் படித்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அத்தனை ஊர்க் குழிக்கும் முதல் உறை என்னுடையது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கண்ணு, போதும், பேனாவ வெச்சுட்டு மொதல்ல இருந்து படி. நான் பீப்பாயில குடுத்த எடம் வந்தா நிறுத்து. அடிக்கோடு போட்டியா? சரி, அதை மட்டும் இன்னொருக்காப் படி சாமி, நல்லாச் சத்தமா. சன்னல் தெறந்துதான் கெடக்குது, அவளும் வாசல்லதான் உக்காந்திருக்கறா.